முதலில் மேசை, மிஷின் அப்புறம்

கேள்வி: வீட்டில் பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஸ்டூல், சுவர் ஷெல்ஃப், சின்ன அலமாரி என்று மரவேலை செய்து பழக ஆசை. டேபிள் சா, ரவுட்டர், பிளானர் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்குவது?

பதில்: எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும் டேபிள் சாவில் ஆறடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் ஆறடி, பின்னால் ஆறடி இடம் வேண்டும், உங்கள் அறையின் நீளமே பத்தடிதான். இட நெருக்கடியில் பலகை லேசாகத் திரும்பினால்கூடப் பிளேடு அதைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும். புதிதாகப் பழகுபவருக்கு அது தேவையா?

முதலில் வேண்டியது ஆடாத மேசை. மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் உளியும் ரம்பமும் சொன்ன பேச்சைக் கேட்கும், அந்த ஆள்தான் மேசை. நான்கரை, ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். கால்களுக்கு மூன்று அங்குலத்துக்குக் குறையாத சதுரச் சட்டம், மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிய பலகை, கீழே கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அப்படியும் ஆடினால் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உயரத்துக்கு அளவுநாடா வேண்டாம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு மடியும் இடம்தான் மேசையின் மேல்பரப்பு. இழைக்கும் வேலை அதிகம் என்றால் இன்னும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தாழ்வாக வைத்தால் உடம்பின் கனம் கைக்கு உதவிக்கு வரும். ஜன்னல் இருந்தால் அதன் ஓரமாகப் போடுங்கள், பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் மரத்தின் மேடுபள்ளம் தெரியும்.

கருவிகள் என்று பார்த்தால் ஒரு நல்ல கை ரம்பம், ஓர் இழைப்புளி, 6, 12, 20 மில்லிமீட்டரில் மூன்று உளி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல், 90 டிகிரி சரிபார்க்க மூலைமட்டம், மரத்தை இறுக்கிப் பிடிக்க நான்கு கிளாம்ப். மிஷின் இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் பேட்டரி ட்ரில் ஒன்று, அது நிஜமாகவே உதவும். மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு, அப்படியே திருப்பிப்போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி, மேலே போகப்போக விலகினால் மட்டம் கோணல், அதுவும் கண்ணுக்குத் தெரியும் விலகலில் பாதிதான் உண்மையான பிழை.

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியைச் சாணைக்கல்லுக்குப் போடுங்கள், ஏனென்றால் கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக இருக்காது. 1000 நம்பர் கல் ஒன்று, 4000 அல்லது 6000 ஒன்று; நம்பர் கூடக்கூடக் கல் மென்மையாக இருக்கும். முதலில் உளியின் முதுகுப்பக்கம், அதாவது சரிவில்லாத பக்கம், முனையை ஒட்டிய ஓர் அங்குலம் மட்டும், தட்டையாகிப் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் சரிவுப்பக்கம்: மொத்தச் சரிவு 25 டிகிரி, நுனி மட்டும் 30. தேய்க்கத் தேய்க்க முதுகுப்பக்கம் விரலில் ஒரு பிசிறு தட்டுப்படும், அது முனை முழுக்க வந்துவிட்டால்தான் மென்மையான கல்லுக்கு மாறலாம். கடைசியில் அந்தப் பிசிறையும் அதே கல்லில் எடுத்துவிடுங்கள். கூர்மையைப் பார்க்க நகமெல்லாம் வேண்டாம், மென்மரத் துண்டில் நாருக்குக் குறுக்காக அறுத்த முகத்தைச் சீவுங்கள். வழுவழுவென்று மின்னினால் உளி தயார், நார் நசுங்கிப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் திரும்பவும் கல்லுக்கு. மழுங்கிய உளிக்குத்தான் பலம் போட்டு அழுத்துவோம், கை வழுக்குவதும் அப்போதுதான். எவ்வளவு கூராக இருந்தாலும் இரண்டு கையும் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மரம் வாங்கியதும் வெட்டாதீர்கள். பலகைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சிகளை வைத்து இரண்டு வாரமாவது அதே அறையில் கிடக்கட்டும், வளைய வேண்டியது வெட்டுவதற்கு முன்பே வளைந்துவிடும்.

தூசி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சீவலால் தொல்லை இல்லை, உப்புத்தாள் போடும்போது பறக்கும் பொடிதான் நுரையீரலுக்குள் போகும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. என்95 முகக்கவசம், ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டும் வேண்டும். கையுறை நல்லதுதானே என்று ட்ரில் ஓடும்போது போட்டுக்கொள்ளாதீர்கள், துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். வேலை முடிந்து மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசப் பயன்படுத்திய துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே காற்றில் விரித்துக் காயப்போட்டு, விறைப்பான பிறகு தூக்கிப் போடுங்கள்.