மண்ணுக்குள் போன ராஸ்: கிண்டிப் பார்க்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். பவளம் வளர்க்கிற மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஒன்பது மாதமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு சின்ன மஞ்சள் ராஸ் மீன் வாங்கி அதில் விட்டேன். விட்ட பத்து நிமிடத்தில் ஆளைக் காணவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள். மண்ணைக் கிண்டிப் பார்ப்போம் என்று மகன் நிற்கிறான். செத்திருக்குமா?

பதில்: தம்பி, முதலில் மகனின் கையில் இருக்கிற கரண்டியை வாங்கி வையுங்கள்.

மஞ்சள் ராஸ் ஹாலிகோரஸ் வகை. அதற்குப் பாயும் போர்வையும் மண்தான். இரவானால் உள்ளே போகும், பயந்தாலும் போகும். கடைத் தொட்டி, பொலித்தீன் பை, ஆட்டோ, புதுத் தொட்டி என்று ஒரே நாளில் இவ்வளவையும் கண்ட மீன் மூன்று நாள் படுத்துக் கிடப்பது புதினமில்லை. ஒரு வாரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்து நிற்கிறவையும் உண்டு. கடையில் காலையிலேயே லைட் எரிந்திருக்கும். வேலைக்குப் போகிற வீடுகளில் பின்னேரம்தான் போடுவார்கள். மீன் பழைய நேரத்துக்கு எழும்பி, இருட்டைக் கண்டு திரும்பவும் படுத்துவிடும். இந்த வாரம் மட்டும் காலை எட்டு மணிக்கே லைட்டைப் போட்டுப் பாருங்கள்.

கிண்டினால் மீனுக்கு அடிபடும், அடிமண்ணில் தேங்கின அழுக்கும் தண்ணீரில் கலக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் தண்ணீரில் அமோனியாவைச் சோதியுங்கள், மீன் செத்து அழுகினால் அது ஏறும். பழகின தொட்டியில் ஒரு சின்ன மீன் செத்தாலும் அது ஏறாமல் இருக்கலாம் என்பதால், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஓரிடத்தில் மொய்க்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

மண் இரண்டு, மூன்று அங்குல ஆழமாவது இருக்கவேண்டும், குருணலைவிட மென்மையாகவும் இருக்கவேண்டும். கரடுமுரடான பவளத் துண்டுகளுக்குள் தலையைக் குத்தினால் வாய் கிழிந்துவிடும். ஆழம் போதாவிட்டால் ஒரு லீட்டர் ஐஸ்கிறீம் டப்பாவில் மென்மணல் நிரப்பிக் கல்லுக்குப் பின்னால் வையுங்கள். ராஸ் அதைத் தானாகவே கண்டுபிடிக்கும். கடற்கரை மணல் வேண்டாம். வெள்ளவத்தைக் கால்வாயின் அழுக்கெல்லாம் அந்தக் கடலில்தான் போய் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மண்ணுக்குள் இல்லையென்றால் தரையில் தேடுங்கள், ராஸ் தொட்டியை விட்டுத் துள்ளி விழுகிற மீன். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. என் முதல் ராஸ் அலுமாரிக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. தொட்டியை மூடித்தான் வைத்திருந்தேன். ஃபில்டர் குழாய் போகிற மூலையில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி. அது போதும் அதற்கு.

அதற்காகக் கண்ணாடி மூடி போட்டுவிடாதீர்கள். இது கொழும்பு. மார்ச், ஏப்ரலில் அறையே முப்பது பாகையைத் தாண்டும், பம்பும் லைட்டும் சேர்ந்து தண்ணீரை இன்னும் சுடவைக்கும். பவளத்துக்கும் ராஸுக்கும் 25 முதல் 27 பாகை வரை நல்லது. சூடேறினால் தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். அலுமினியச் சட்டத்தில் கால் அங்குலக் கண்ணுள்ள நைலோன் வலை அடித்து, அதன் மேல் சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரைப் பார்த்து வையுங்கள். இரண்டு பாகையளவில் இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது, அதற்குத் தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் மெஷின்தான் வழி. நுளம்பு வலை அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் உப்புப் படிந்து கண் அடைத்து வெளிச்சத்தை மறைத்துவிடும். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைகிற அளவுக்கு ஆர்ஓ ஃபில்டரில் சுத்தமாக்கிய நன்னீர்தான் ஊற்றவேண்டும். உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றி, உப்பைக் காட்டும் அடர்த்தி அளவு 1.025 இல் இருந்த தொட்டியை 1.030க்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபிறகு ஒருநாளைக்கு இரண்டு, மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீன் போடுங்கள். உறையவைத்த மைசிஸ் என்கிற பொடி இறால் நல்லது. கிடைக்காவிட்டால் பச்சை இறாலை மிளகளவு அரிந்து போடலாம். பவளத்தை அது தொடாது. சின்ன அலங்கார இறால்களுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பத்து நாள் தாண்டியும் தலை காட்டாவிட்டால் மண்ணின் ஆழம், வெப்பநிலை, லைட் போடும் நேரம் மூன்றையும் குறித்துத் திரும்ப எழுதுங்கள்.