குழி விழுந்த தெரு ஏன் காத்திருக்கிறது?

சாலை, பாலப் பராமரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் மெயின் ரோட்டைச் சுரண்டிப் புதுசாகத் தார் போடுகிறார்கள். இது என்ன கணக்கு ஐயா?

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. தார் ரோட்டுக்கு எமன் தண்ணீர். மேலே விரிசல் விட்டால் போதும், மழைநீர் இறங்கி ஜல்லி அடுக்கை இளக்கிவிடும். அப்புறம் வண்டி ஏற ஏற மேல்தோல் பெயர்ந்து குழியாகும். விரிசலிலேயே அடைத்துவிட்டாலோ, மேலடுக்கை மட்டும் மாற்றினாலோ, சில இரவுகளில் வேலை முடிந்துவிடும். அடியடுக்கு போய்விட்டால் முழுக்கத் தோண்டியே ஆகவேண்டும். செலவும் ஏறும், ரோட்டை மூடிவைக்கும் நாளும் ஏறும். உங்கள் தெரு அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தால், இன்னும் சில மாதம் தள்ளினாலும் செய்யவேண்டிய வேலை அதிகம் ஏறாது. மெயின் ரோட்டைத் தள்ளினால் ஏறும்.

பாரமும் ஒரு காரணம். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. அதனால்தான் பஸ்ஸும் லாரியும் ஓடும் பாதை வரிசையில் முந்திக்கொள்கிறது.

இதெல்லாம் முழுச் சீரமைப்புக்கான வரிசை. ஆள் விழும் ஆழத்துக்குக் குழி இருந்தால் அதை உடனே அடைப்பது தனி வேலை. அதற்கும் வரிசையில் நிற்கச் சொன்னால் விடாதீர்கள்.

கேள்வி: ரோடு போட்டு மை காயவில்லை, குழாய்க்காரர்கள் வந்து தோண்டுகிறார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?

பேசவேண்டும். குடிநீர், சாக்கடை, மின்சாரம், கேபிள் எல்லோருடைய திட்டத்தையும் ஒரே அட்டவணையில் போட்டு, தார் போடும் முன்பே தோண்டி முடிக்கச் சொல்வதுதான் முறை. புது ரோட்டைக் குறிப்பிட்ட காலம் தொடக்கூடாது என்று விதி வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. திடீரென்று குழாய் வெடித்தால் எந்த அட்டவணையும் நிற்காது, அதை விடுங்கள். என் ஆத்திரமெல்லாம் மூடும் விதத்தில்தான். மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே தாரைப் பூசிவிட்டுப் போவார்கள். அடுக்கடுக்காகக் கொட்டி ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்காவிட்டால், மழைக்குப் பிறகு நீளமாக ஒரு பள்ளம் கட்டாயம் இறங்கும்.

கேள்வி: பாலத்தை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பாதியில் வேலை, பாதியில் வண்டி என்று செய்திருக்கலாமே?

பல பாலங்களில் அப்படித்தான் செய்கிறோம். முடியாத இடமும் உண்டு. தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே பேரிங் என்று ரப்பர் மெத்தை இருக்கும். அது நைந்துவிட்டால், ஜாக்கிகளை வரிசையாக வைத்து மேல்தளத்தையே சில மில்லிமீட்டர் தூக்கவேண்டும். ஒவ்வொரு ஜாக்கிக்குப் பக்கத்திலும், எவ்வளவு தூக்கியது என்று காட்டும் டயல் கேஜ் வைத்து, ஒருவர் எண்ணைக் கூவிக்கொண்டே இருப்பார். ஒன்று முந்தினாலும் தளம் முறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மேலே லாரி ஓடுவதை நினைத்துப் பாருங்கள்!

இதில் என் கட்சி வேறு. முடிகிற இடத்திலும்கூட, பாதிப் பாதியாக மாதக்கணக்கில் இழுப்பதைவிட, முன்கூட்டிச் சொல்லிவிட்டு முழுசாக மூடிச் சீக்கிரம் முடிப்பது பெரும்பாலும் மேல். 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் 405 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை, மேலே செல்லும் பாலத்தின் ஒரு பாதியை இடிப்பதற்காக, வார இறுதியில் மூடினார்கள். ஊரே ஸ்தம்பிக்கும் என்று வாரக்கணக்கில் எச்சரித்தார்கள். மக்கள் வண்டியை எடுக்கவே இல்லை. ரோடு குறித்த நேரத்துக்கு 17 மணி நேரம் முன்பே திறந்தது. ஆனால் மாற்றுப்பாதையில் ஆம்புலன்ஸ் போகுமா, அங்கிருக்கும் சின்னப் பாலம் லாரிப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பார்த்திருக்கவேண்டும். இல்லையென்றால் நான் சொன்னது செல்லாது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். இருநூறு மீட்டருக்கு மேல் நீளமான நகரும் பாலம் ஒன்றை நெடுஞ்சாலை மேல் வைத்து, வண்டிகளை அதன் மேல் ஓட்டி, கீழே ரோடு போட்டார்கள். 2022-ல் முதல்முறை வைத்தபோது ஏறும் சரிவில் வண்டிகள் தயங்கி நெரிசலானது. சரிவைத் திருத்தி 2024-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்த வேலை. எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது.

கேள்வி: ராத்திரியில் மட்டும் வேலை செய்தால் என்ன? பகலில் ஏன் வழியை மறிக்கவேண்டும்?

தார் வேலைக்கு இரவு தோதுதான். ஆனால் 150 டிகிரி வாக்கில் வந்து இறங்கும் கலவை, 80, 90 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடியவேண்டும். குளிர்ந்த இரவில் அந்த அவகாசம் சுருங்கும். கான்கிரீட்டுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. காலையில் திறக்கவேண்டும் என்பதற்காக அது இறுகிவிடாது. தூக்கம் கெடும் அக்கம்பக்கத்து வீடுகளையும் எண்ணவேண்டும். உடைக்கிற வேலையை முன்னிரவிலேயே முடித்து, சத்தம் குறைந்த வேலையைப் பின்னிரவுக்கு வைத்தால் பாதிப் புகார் வராது.

கேள்வி: பாலம் பழுதாகிறது என்று எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலே பார்க்காதீர்கள், கீழே நின்று பாருங்கள். இரண்டு தளங்கள் சேரும் இடத்துக்கு நேர் கீழே, தூணின் தலையில் ஈரக்கறையோ துருநிறக் கோடோ இருந்தால், ஜாயின்ட் ஒழுகுகிறது. பேரிங்கும் கம்பியும் நனைகின்றன. எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று குறித்துப் படத்தோடு புகார் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கொடுங்கள்.