மானிட்டரில் இரண்டு நொடி படம் வந்து இருண்டுவிடுகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். 2009இல் வாங்கிய என் 19 அங்குல எல்சிடி மானிட்டருக்கும் இதே நோய்தான் வந்தது. பொத்தானை அழுத்தினால் படம் வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் இருண்டுவிடும். பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் அறியாததுபோல எரிந்துகொண்டிருக்கும். பழுது பார்க்கும் கடையில் "போர்டு போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும்" என்றார்கள். கடைசியில் ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்தது, இடையில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்து.

திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டர் இருண்டதும் செல்பேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கணினியின் ஐகான்கள் பேய்போல மங்கலாகத் தெரிந்தால் நல்ல செய்தி: படம் வருகிறது, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் அணைந்துவிட்டது. எதுவுமே தெரியவில்லை, 'நோ சிக்னல்' என்ற வாசகம் மட்டும் மிதக்கிறது என்றால் மானிட்டர் பிழைத்திருக்கிறது. கேபிளையும் கணினியையும் பாருங்கள். நிறம் மாறித் தெரிகிறதா? மானிட்டரின் மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு தெளிவாக வந்தால் அங்கேயும் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் மானிட்டரைக் கழற்றி நாசமாக்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

இரண்டு நொடி ஏன்? பழைய எல்சிடி மானிட்டர்களில் பேக்லைட் என்பது பென்சிலைவிட மெல்லிய குழல்விளக்கு. அதை எரிய வைக்கப் பல நூறு வோல்ட் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் இன்வெர்ட்டருக்கு மின்சாரம் தருவது பவர் போர்டு. அந்தப் போர்டில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள் (பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இன்றும் கண்டென்சர் என்றுதான் சொல்வார்கள்) தளர்ந்துவிட்டால், விளக்கு எரியத் தொடங்கியதும் சுமை தாங்காமல் மின்னழுத்தம் தள்ளாடும். ஏதோ கோளாறு என்று இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நாலைந்து முறை முயன்ற பிறகு ஒருவழியாக எரிந்து, சூடேறியதும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அணைவதற்கு முன் திரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மட்டும் விளக்கே வயதாகிவிட்டது என்று பொருள்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். பவர் போர்டில் இருக்கும் ஆகப் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். திறந்ததும் எதையும் தொடுமுன் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரு வயர்களையும் அதன் கால்களில் வைத்தால் இறங்கிவிடும். திருப்புளியால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரமில்லை. பின்புறம் பெருத்த பழைய பிக்சர் டியூப் மானிட்டர் என்றால் மூடியையே தொடாதீர்கள். அது 20,000 வோல்ட்டுக்கு மேல் புழங்கும் இடம்.

பின்மூடியில் திருகாணிகளைவிடக் கிளிப்புகளே அதிகம். பழைய ஏடிஎம் அட்டையை விளிம்பில் நுழைத்து நெம்பினால் 'டக் டக்' என்று விடும். முதல் டக்கில் உடைத்துவிட்டோம் என்றுதான் தோன்றும். உள்ளே தகரப் பெட்டிக்குள் இருக்கும் பவர் போர்டில் சிறிய உருளைகளின் தலையைப் பாருங்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை நாணயம்போலத் தட்டையாக இருக்கும்; கெட்டது உப்பிய பூரிபோல மேடாக, சில சமயம் பழுப்பு நிறத்தில் கசிந்து இருக்கும். என் மானிட்டரில் நான்கு உப்பியிருந்தன. தட்டையாக இருப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. ஆகவே பெரியதை விட்டுவிட்டு, அதே பகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே மேல்.

என் முட்டாள்தனம் இங்கேதான். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாட்டினேன்; ஓடியது; ஊரெல்லாம் பெருமையடித்தேன். எட்டே மாதத்தில் மறுபடியும் பூரி. நான் வாங்கிவந்தது 85 டிகிரி ரகம். மானிட்டருக்குள் இருக்கும் புழுக்கத்துக்கு 105 டிகிரி என்று அச்சிட்டிருக்க வேண்டும், 'லோ இஎஸ்ஆர்' (உள்ளே மின்தடை குறைந்த ரகம்) என்று கேட்டும் வாங்க வேண்டும். வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. உயரத்தையும் பாருங்கள், தகரப் பெட்டி மூட வேண்டுமே! சென்னையில் ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் டிவி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

கழற்றுவதற்கு முன் போர்டைப் படம் எடுத்துவையுங்கள். உருளையின் பக்கவாட்டில் கோடு ஓடும் பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். தொழிற்சாலையில் வைத்த பற்று (சால்டரிங்) எளிதில் உருகாது. அதன்மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிச் சேர்த்தால் இரண்டும் கலந்து இளகிவிடும்.

உங்களுடையது எல்இடி மானிட்டராக இருந்தால் சிக்கல் வேறாகவும் இருக்கலாம். அதில் பல்புகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனாலும் வரிசை முழுவதும் அணையும். அந்தப் பல்புப் பட்டையை மாற்றத் திரைப் பேனலையே பிரிக்க வேண்டும். நான் ஒருமுறை பிரித்தேன். கண்ணாடி அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். மூலையில் கீறல் விழுந்தது, கதை முடிந்தது. ஆனால் வெளியே அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால் முதலில் அதே வோல்ட், அதே முனை, குறையாத ஆம்பியர் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள், திறக்கவே வேண்டியிருக்காது.

திரையில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்து நிலைத்துவிட்டால் மட்டும் மெனக்கெடாதீர்கள். பெரும்பாலும் பேனலின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய இணைப்பு விட்டிருக்கும். அதை வீட்டில் ஒட்ட வழியில்லை. அப்படிப்பட்ட மானிட்டரை எடைக்குப் போடுவதற்கு முன் பவர் போர்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். என் அலமாரியில் இப்போது மூன்று இருக்கின்றன, வீட்டில் கேட்டால் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன்.