சட்டப்பேரவைக்குள் நடப்பது என்ன? கேள்வி பதில்

மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான சட்டப்பேரவை குறித்து வந்த கேள்விகளுக்கு, பேரவை நடவடிக்கைகளை நெடுங்காலமாகக் கவனித்துவரும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): ஐயா, பாடநூலில் சட்டப்பேரவையைக் ‘கீழவை’ என்று குறிப்பிடுகிறார்கள். அப்படியென்றால் மேலவையின் சொல்லுக்குப் பேரவை கட்டுப்பட வேண்டுமா?

பதில்: இல்லை அம்மா. பெயரில்தான் அது கீழவை. அதிகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 முதல் மேலவை கிடையாது. 2010இல் அதை மீண்டும் அமைக்கப் பேரவை தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றம் சட்டமும் இயற்றிய பிறகும் மேலவை அமையவில்லை. இன்று உத்தரப்பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய 6 மாநிலங்களில் மட்டுமே இரண்டு அவைகள் உள்ளன.

அங்கும் மேலவையால் ஒரு சட்டமுன்வடிவைத் தாமதப்படுத்த முடியுமே தவிர, தடுத்து நிறுத்த முடியாது. முதல் முறை 3 மாதம், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் 1 மாதம், அவ்வளவுதான். பணம் சார்ந்த சட்டமுன்வடிவு என்றால் 14 நாள் மட்டுமே. ஆந்திரத்தில் மூன்று தலைநகரங்களுக்கான சட்டமுன்வடிவைப் பேரவை 2020 ஜனவரியில் நிறைவேற்றியது. மேலவைத் தலைவர் அதைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது சட்டமுன்வடிவை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்ப முடிவெடுத்தார். ஜூன் மாதம் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. மேலவை எடுத்துக்கொள்ளாமலே ஒரு மாதம் கடந்தது. ஜூலை 31 அன்று ஆளுநர் ஒப்புதல் தந்தார். அச்சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது வேறு செய்தி. நாடாளுமன்றத்தில் உள்ளதுபோல இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் என்ற ஏற்பாடும் மாநிலங்களுக்கு இல்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): அவையில் பல இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும்?

பதில்: மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 10 பேர், இவற்றில் எது அதிகமோ அது. நமது 234 பேர் கொண்ட பேரவைக்கு 24 பேர் போதும்.

கேள்வி (விவசாயி, திருவாரூர்): எங்கள் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றி அவர் அவையில் பேசினார். பேசி என்ன பயன் ஐயா, நிதியை ஆளுங்கட்சிதானே ஒதுக்குகிறது?

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும், பேரவையின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிதிநிலை அறிக்கை படிக்கப்படும் நாளில்தான் எல்லோரும் தொலைக்காட்சி முன் அமர்கிறார்கள். ஆனால் அன்றைய தினம் ஒரு ரூபாய்கூட அனுமதிக்கப்படுவதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு துறை அமைச்சரும் தமது துறைக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்று மானியக் கோரிக்கையை முன்வைத்து, கொள்கை விளக்கக் குறிப்பையும் அளிக்க வேண்டும். அதை ஏற்கவோ, குறைக்கவோ, மறுக்கவோ பேரவைக்கு அதிகாரம் உண்டு. கூட்டித் தர அதிகாரம் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். கேட்ட தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அடையாளமாகச் சொல்லி, தூர்வாரப்படாத வாய்க்காலைப் பற்றி அமைச்சரின் முகத்துக்கு நேரே பேசும் உரிமையை அவர் அதன் மூலம் பெறுகிறார். அத்தீர்மானம் பெரும்பாலும் தோற்கும் அல்லது திரும்பப் பெறப்படும். ஆனால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும்.

அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று அவையில் வாக்களித்தால், அது நிறைவேறியதா என்று பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பணம் செலவான பிறகு, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். கூச்சலும் வெளிநடப்பும் செய்தியாகும் அளவுக்கு இக்குழுக்களின் வேலை செய்தியாவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வேதனை. தங்கள் உறுப்பினர் பேசிய நாளைக் குறித்துக்கொண்டு, அமைச்சர் தந்த பதிலை அவரிடம் கேட்டுப் பெறுங்கள். உறுதிமொழி தரப்பட்டிருந்தால் அதைப் பற்றி எழுதிக் கேளுங்கள். மனுக்கள் குழுவின் வழியும் தங்களுக்குத் திறந்திருக்கிறது.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): குரல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் அதிகம் என்று பேரவைத் தலைவர் காதால் கேட்டே முடிவு செய்வது முறையா? அவருக்கு வாக்கு உண்டா?

பதில்: ‘ஆம்’ என்போர், ‘இல்லை’ என்போர் என இரு தரப்பையும் கேட்டுத் தலைவர் முடிவை அறிவிப்பது அன்றாட வழக்கம். அதை மறுத்து உறுப்பினர்கள் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கோரலாம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கையைத் தலைவர் ஏற்கவில்லை. உறுப்பினர்கள் பகுதி பகுதியாக எழுந்து நிற்க, ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று கணக்கிடப்பட்டது. திமுக உறுப்பினர்கள் அதற்குமுன் வெளியேற்றப்பட்டிருந்தனர். ஓர் அரசின் வாழ்வைத் தீர்மானிக்கும் நாளில் எதிர்த்தரப்பு அவைக்குள் இல்லாதிருந்தது முறையல்ல என்பதே என் கருத்து. இரு பக்கமும் சமமாக இருந்தாலன்றித் தலைவர் வாக்களிப்பதில்லை.

கேள்வி (அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், கோயம்புத்தூர்): பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் திருப்பி அனுப்பினால்?

பதில்: பேரவை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 200ஆம் பிரிவு சொல்கிறது. 2023 நவம்பர் 18 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை சிறப்புக் கூட்டத்தில் 10 சட்டமுன்வடிவுகளை மீண்டும் நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் அவற்றை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று செல்லாது என்றதோடு, அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் முறைக்கு இடமில்லை என்றும் கருத்துரைத்தது. காரணமின்றி நெடுங்காலம் தாமதித்தால் மட்டும், முடிவெடுக்குமாறு நீதிமன்றம் பணிக்கலாம். தேர்வில் எழுதும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஏப்ரல் தீர்ப்பை மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.