கும்கி எங்கே போயிற்று?

அன்புள்ள சார்,

ஹைஃபை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில், வார்ஃப்டேல் டயமண்ட் 9.1 ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை செகண்ட் ஹாண்டில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் இருந்த ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டி முதலில் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். ஏமாற்றம்தான். வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் சுத்தமாகக் கேட்கின்றன, இடப்பக்கமான தொப்பியின் கனத்த ஒலியைக் காணவில்லை. பாட்டு போட்டால் குரல் அறை முழுக்க மிதக்கிறது, எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. மகனுடைய புளூடூத் ஸ்பீக்கரே தேவலை என்று தோன்றுகிறது. விற்றுவிடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

விற்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தொப்பி இல்லை, குரல் நடுவில் நிற்கவில்லை என்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒயரைத்தான். ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் சிவப்பு, கறுப்பு இணைப்புகள் மாறியிருக்க வேண்டும்.

மாறினால் ஒரு ஊஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின்) கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் வரும்போது மற்றொன்று பின்னால் போகும். ஒன்று காற்றைத் தள்ளும், மற்றது இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். பெட்டிகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் இருக்குமா? அவ்வளவு நீளமான அலைக்கு அது ஒரு தூரமே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். தொப்பியின் கனமும், தொப்பியை அழுத்தி எழுப்பும் அந்தக் குழைந்து ஏறும் நாதமான கும்கியும் அங்கேதான் தொலைகின்றன. 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். அது ஓரிடத்தில் அழிந்தால் இரண்டு விரற்கடை தள்ளிக் கூடிவிடும். அதனால் வலந்தலைக்குப் பெரிய சேதம் இல்லை.

சோதிப்பது சுலபம். பழைய வானொலிக் கச்சேரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் மோனோ, இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான். பெட்டிகளை ஓரடி இடைவெளியில் எதிரெதிராக வைத்து, குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். அப்புறம் ஆம்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் மாற்றிச் செருகிக் கேளுங்கள். எதில் கனம் கூடுகிறதோ அதுதான் சரி.

வெளியே ஒயர் சரியாக இருந்தும் கனம் வரவில்லை என்றால், யாரோ பெட்டியைத் திறந்து உள்ளே மாற்றி இணைத்திருக்கலாம். பழைய ஸ்பீக்கரில் இது அபூர்வமில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் போதும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப் என்று ஒரு சத்தத்தோடு கோன் வெளியே வரவேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி வருகிறதா என்பதே முக்கியம்.

முதல் நாள் அபிப்பிராயத்தை நம்பி நான் பட்டதையும் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன், சென்னையில் ஒரு கடையில் பெரிய பெட்டி ஜோடி ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரர் தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானை அழுத்தி, வால்யூமை முக்கால்வாசி ஏற்றி ஒரு பாட்டைப் போட்டார். நெஞ்சு அதிர்ந்தது. அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன். முகத்துணியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றி, கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பை விரலால் தொட்டேன். ஈர அப்பளம் மாதிரி நசுங்கி, கறுப்பாக விரலில் ஒட்டிக்கொண்டது. ஃபோம் நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பத்திருபது வருடத்தில் உளுத்துவிடும். ஆடும் கோனைப் பிடித்துக்கொள்வதே அந்த விளிம்புதான். நல்லவேளையாக ஒரு மெக்கானிக் புது வளையம் ஒட்டிக் கொடுத்தார். கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தில் உரசாமல் நடுவில் நிற்பதற்காக, இடைவெளியில் மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகிவிட்டுப் பசை தடவினார். பசை காயும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை, அவ்வளவு பொறுமை. இன்றும் அதில்தான் கேட்கிறேன்.

உங்கள் டயமண்டில் விளிம்பு ரப்பர், அந்தக் கவலை கிடையாது. இருந்தாலும் ஆம்பை அணைத்துவிட்டு, விரல்களைக் கோனின் இருபுறமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். சொரசொரவென்று உரசினால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. உச்ச ஒலிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரின் உச்சியை மட்டும் தொட்டுவிடாதீர்கள், பள்ளம் விழுந்துவிடும்.

பெட்டியைப் புத்தக அலமாரிக்குள் தள்ளி வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த மாடலுக்குக் காற்றுத் துளை பின்பக்கம். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். நீங்களும் பெட்டிகளும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்தால் நல்லது.

மகனுடைய ஸ்பீக்கரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கைக்கு அடங்கும் பெட்டியில் ஆழமான பேஸ் வராது. அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியைத் தூக்கிக் கொடுத்துக் காதைச் சமாதானப்படுத்துகிறார்கள். மாதக்கணக்கில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இல்லாததைச் சேர்க்காத ஸ்பீக்கர் முதலில் சப்பென்றுதான் இருக்கும். ஒயரைச் சரிசெய்த பிறகு, நன்றாகத் தெரிந்த நாலைந்து பதிவுகளை மட்டும் இரண்டு வாரம் தினமும் கேளுங்கள். அதன் பிறகு புளூடூத்துக்குத் திரும்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விற்கலாம், போட்ட விலை கிட்டத்தட்ட வந்துவிடும்.

முதலில் அந்த ஒயரைப் பாருங்கள். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டு, கும்கி வந்ததா என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்