அழகர் புதூர் வழியாகத்தான் போகிறார்

கேள்வி: எங்களுக்குச் சென்னை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மாமியாருக்கு 71 ஆகிறது, முழங்கால் வலி. அவர் பிறந்தது மதுரை. கல்யாணமாகி வந்த பிறகு இரண்டே முறைதான் சித்திரைத் திருவிழா பார்த்தாராம். "கண்ணு நல்லா தெரியும்போதே அழகரை ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று இந்த வருஷம் வாய்விட்டே கேட்டுவிட்டார். "அந்தக் கூட்டத்துல குழந்தைங்களை வச்சுக்கிட்டு முடியாது, டிவியிலதான் நேரலை போடுறானே" என்கிறார் என் கணவர். வைகை ஆற்றங்கரையைப் பார்த்தாற்போல் ஓட்டலில் ஓர் அறை போட்டு, அழகர் இறங்குவதைப் பார்த்துவிட்டு அன்று இரவே கிளம்பிவிடலாமா? மாமியாரின் தம்பி வீடு புதூரில் இருக்கிறது. அங்கே போனால் நாலு நாள் விடமாட்டார்கள், அதுதான் யோசனை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைசிக்கு முந்தின வரியில் போகிறபோக்கில் புதூர் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதிலே அதுதான். அழகர்கோயிலிலிருந்து மதுரைக்கு 21 கிலோமீட்டர். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அந்தச் சாலையில்தான் அழகர் வருகிறார், அதே வழியில்தான் மலைக்குத் திரும்புகிறார். வீட்டு வழியாகச் சாமி போகிறபோது நீங்கள் ஆற்றங்கரையில் அறை தேடுகிறீர்களே!

முதலில் உங்கள் கணவர் பக்கம் பேசிவிடுகிறேன். அவர் பயம் வீண் பயம் இல்லை. 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் சிக்கி 2 பேர் இறந்துபோனார்கள். விடிகாலை இருட்டில் லட்சக்கணக்கான பேர் ஒரே இடத்தை நோக்கி நகரும்போது, நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் இடுப்பும் வேட்டியும்தான். தோளில் தூக்கி வைத்தாலும் கால் மணி நேரத்தில் தூங்கிவிடும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு வருகிறது என்று அழும். முழங்கால் வலிக்காரரை அங்கே நிற்கவைக்க உங்களுக்கே மனசு வராது. அதனால் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் அந்த நேரத்தை மட்டும் டிவியில் பாருங்கள். இந்த அளவுக்கு உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் திருவிழா அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுவதில்லை. டிவிக்காரர்களுக்கு அதுதான் தோதான காட்சி, அவ்வளவுதான். மதுரைக்காரர்களுக்கு அதற்கு முந்தின நாள் எதிர்சேவை உண்டு. மலையிலிருந்து வரும் அழகரை மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பார்கள். அன்று பகல் முழுக்க அந்தச் சாலையில் மண்டகப்படிக்கு மண்டகப்படி (சாமியை நிறுத்திப் பூஜை செய்யும் மண்டபம், பந்தல்) நின்று நின்றுதான் வருவார். ஆற்றில் இறங்கிய பிறகும் வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம், இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு என்று நீளும். ஆற்றில் இறங்கிய நாளிலிருந்து, பூப்பல்லக்கும் முடிந்து மலைக்குத் திரும்ப எப்படியும் மூன்று நாலு நாள் ஆகும். உங்கள் மாமியார் 'அழகரைப் பார்க்கணும்' என்றுதானே கேட்டார்? ஆற்றில் பார்க்கணும் என்று கேட்கவில்லையே. எதற்கும் அவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார்.

எதிர்சேவை அன்று புதூரில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையிலேயே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். சொம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதன் மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்பார்கள் பெண்கள். கறுப்புசாமி வேஷம் கட்டினவர்கள் சலங்கை குலுங்க முன்னால் வருவார்கள். தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வருவார்கள். உங்கள் மகன் அந்தத் தண்ணீரைவிட்டு நகரமாட்டான், இப்போதே எழுதித் தருகிறேன். (போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு போனை அப்படித்தான் காவு கொடுத்தேன்.) மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெரு உள்ளடங்கி இருந்தாலும் மெயின் ரோடு வரைக்கும் மெதுவாகக் கூட்டிப்போய், நிழலாகப் பார்த்து உட்காரவைத்துவிடலாம். மோரோ பானகமோ யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். முக்கியமாக, கழிப்பறை பக்கத்தில் இருக்கும். திருவிழாவுக்குப் போய்வந்த எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், சாமிக்கு அடுத்து இதைத்தான் சொல்வாள்.

கிளம்புவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பிவந்த அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு ஊருக்குள்ளேயே நுழையாமல் ஆற்றோடு திரும்புகிற கதை. கோயில் புராணம் வேறு: துர்வாசர் சாபத்தால் தவளையான அந்த மண்டூக மகரிஷியைக் கரையேற்றத்தான் அழகர் வருகிறார். இரண்டையும் சொல்லுங்கள். சைவக் கோயில் கல்யாணத்தையும் வைணவக் கோயில் புறப்பாட்டையும் 17-ஆம் நூற்றாண்டில் ஒரே சமயத்தில் வரும்படி சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர். 9 வயதுப் பெண்ணுக்கு இது புரியும். கோபித்துக்கொண்டு போகிற மாமா கதை நான்கு வயதுக்குப் போதும், நம் வீட்டுக் கல்யாணங்களில் அவன் பார்க்காததா!

ஜாக்கிரதை விஷயம் கொஞ்சம். என் மகன் ஐந்து வயதில் கோரிப்பாளையத்தில் இருபது நிமிஷம் காணாமல் போனான். போன் போகவில்லை. அத்தனை கூட்டத்தில் அது போகாது, அதை நம்பாதீர்கள். கடைசியில் ஒரு நீர்மோர்ப் பந்தலில், உதட்டுக்கு மேலே வெள்ளை மீசையோடு நின்றான். பந்தல்காரர் அவனை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிள்ளைகளின் உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதை விட்டேன், வியர்வையில் அழிந்துவிடுகிறது. நம்பர் எழுதின துண்டுச்சீட்டைச் சட்டைப் பையில் போட்டு ஊக்கு குத்திவிடுவேன். 'தொலைந்தால் மோர்ப் பந்தலுக்குப் போய் நில், நகராதே' என்றும் சொல்லிவைப்பேன். பிள்ளை கழுத்தில் காதில் தங்கம் வேண்டாம். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும், செருப்பைக் கழற்றவிடாதீர்கள். சாமி வரும்போது கழற்றினால் போதும்.

நாலு நாள் விடமாட்டார்கள் என்பதைத்தான் நீங்கள் பெரிய தடையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பகலில் ஓட்டல் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இரவு பஸ் ஏறினால், உங்கள் மாமியாருக்கு அது பிறந்த ஊருக்குப் போனதாகவே இருக்காது. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அலைச்சல்தான் மிச்சம். நாலு நாள் இன்னொருவர் வீட்டில் மருமகளாக இருப்பது லேசில்லை, அது எனக்கும் தெரியும். அடுப்படியில் முடங்க வேண்டாம். காலை டிபனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு சாயங்காலம் நீங்களும் மகளும் மட்டும் டவுனுக்குப் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வாருங்கள்.

தேதி சந்திரனைப் பொறுத்தது. அழகர் 2024-ல் ஏப்ரல் 23 அன்று ஆற்றில் இறங்கினார், 2025-ல் மே 12. ஆகவே காலண்டரில் சித்ரா பௌர்ணமியைப் பார்த்து, மகளின் பரீட்சைத் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். போகிற டிக்கெட் எதிர்சேவைக்கு முந்தின நாளுக்கு. வருகிற டிக்கெட்டை, பூப்பல்லக்கு முடிந்து அழகர் புதூரைத் திரும்பக் கடந்த மறுநாளுக்குப் போடுங்கள். மாமியார் இரண்டு முறை பார்த்த மாதிரி ஆகும்.

டிவி போதும் என்ற உங்கள் கணவரை ஆற்றில் இறங்குகிற அன்று விடிகாலை மூன்று மணிக்கு அவருடைய தாய்மாமன் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால், தடுக்காதீர்கள். நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.