ஏஎஸ்/400 வேலைக்குப் போகும் மகளுக்கு முதலில் தெரிய வேண்டியது

களியக்காவிளையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கணினி) சப்போர்ட் பயிற்சி கிடைத்திருக்கிறது, 1988-இல் வந்த மெஷினாயிற்றே, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். அதன் இயங்குதளத்துக்கு இப்போது ஐபிஎம் ஐ என்று பெயர். வங்கி, இன்ஷூரன்ஸ் கணக்குகள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. நைட் ஷிஃப்ட் உண்டா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். குழித்துறையிலிருந்து ரயிலில் போய்வருவது பகல் வேலைக்குத்தான் ஒத்துவரும்.

இனி மகளுக்கு.

சப்போர்ட்டில் உங்களிடம் அடிக்கடி வரப்போவது பாதியில் நின்ற ஜாப், அதாவது கணினியில் ஓடும் ஒரு வேலை. ஆக்டிவ் ஜாப் திரையில் அதன் நிலை எம்எஸ்ஜிடபிள்யூ என்றிருக்கும். யாராவது பதில் தரக் காத்திருக்கிறது என்று பொருள். ஜாப்பின் எதிரில் 7 போட்டால் மெசேஜ் தெரியும். உடனே சி அடித்து கேன்சல் செய்யாதீர்கள். 5 போட்டு உள்ளே போய், 10-ஆவது ஆப்ஷனில் ஜாப்லாக்கை (ஜாப்பில் நடந்தவற்றின் பதிவு) திறந்து, எஃப்10 அழுத்தி விவரமான மெசேஜ்களை வரவழையுங்கள். மெசேஜ்மேல் கர்சரை வைத்து எஃப்1, பிறகு எஃப்9 அழுத்தினால் எந்த புரோகிராம், எந்த ஸ்டேட்மென்ட் என்று காட்டும்.

உதாரணமாக, கீழே ஆர்பிஜி மொழிப் புரோகிராம் பதில் கேட்கும் ஆர்என்க்யூ0907, அதற்கு மேலே பிழையை யாரும் கையாளவில்லை என்று சொல்லும் சிபிஎஃப்9999 இருக்கும். இரண்டும் விளைவுதான். இன்னும் மேலே போனால் எம்சிஹெச்1202: எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் எண் அல்லாத ஏதோ ஒன்று, பெரும்பாலும் வெறும் ஸ்பேஸ், உட்கார்ந்திருக்கிறது. புரோகிராமை மாற்றினால் மட்டும் போதாது, அந்த ரெக்கார்டையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிஎல் (கமாண்டுகளால் ஆன மொழி) எழுதும்போது பலர் எல்லா இடத்திலும் பிழையைப் பிடிக்கும் மான்மெசேஜ் கமாண்டில், எல்லா சிபிஎஃப் பிழைகளையும் குறிக்கும் சிபிஎஃப்0000 போட்டுவிடுகிறார்கள். ஜாப் வெற்றிகரமாக முடிந்ததுபோல் தெரியும். ஆனால் ஃபைல் காலியாக இருக்கும். இதைவிடக் கெட்ட பழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. ஆப்ஜெக்ட் (ஃபைல், புரோகிராம் போன்றவை) இல்லையென்றால் வரும் சிபிஎஃப்9801-ஐ மட்டும் பிடியுங்கள், அதுவும் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று பார்க்கும் செக்ஆப்ஜெக்ட் கமாண்டுக்கு அடுத்த வரியிலேயே. நடுவில் வேறு கமாண்ட் நுழைந்தால் மான்மெசேஜ் அதற்குத்தான் காவல் இருக்கும். புரோகிராம் முழுவதற்கும் வேண்டுமென்றால் டிக்ளேர் வரிகளுக்கு அடுத்து எழுத வேண்டும். அங்கே கோடூ (வேறு இடத்துக்குத் தாவும் கமாண்ட்) தவிர வேறெதையும் ஏற்காது. எம்சிஹெச் (மெஷின்) பிழைகள் சிபிஎஃப்0000-க்கு நேரடியாகச் சிக்காது என்பதை இன்டர்வியூவில் கேட்பார்கள்.

ஆர்பிஜியில் பிழையைப் பிடிக்கும் மானிட்டர், ஆன்-எரர் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லும். பப்400 என்ற பொதுச் சர்வரில் இலவசக் கணக்கு கிடைக்கும். அதில் வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுத்துப் பார்த்து, ஸ்டேட்டஸ் 102 வருகிறதா, ஜாப்லாக்கில் முதல் மெசேஜ் எது என்று நீங்களே தேடுங்கள்.